ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது

என் அக்கா புருஷனுக்கு எங்கள் உறவுக்காரர்கள் வைத்த பெயர் தொடைநடுங்கி. முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்தும் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் எதிராளி திருப்பிக் கோபப்படுவானோ என்று பயம்.

அத்தானுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்பக்கம் சிரித்துப் பேசி ஃபிரேம் விற்கிற வேலை இல்லை. பின்னறையில் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுக்கிற வேலை. ஒரு லென்ஸைத் தொடுவதற்கு முன்னால் சீட்டைப் பார்ப்பார், எழுந்து போய் கண் பரிசோதிக்கிற அம்மாவிடம் கேட்பார், திரும்பி வந்து மறுபடி சீட்டைப் பார்ப்பார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொள்வார். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுப்பார். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க மாட்டார். லிஃப்டில் ஏறினால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அக்கா நேர் எதிர். வாய் நீளம், துணிச்சல் அதைவிட நீளம். சின்ன வயதில் தெரு நாய் துரத்தினால் நான் ஓடுவேன், அவள் நின்று நாயைத் திட்டுவாள். இந்த இரண்டு பேரையும் எந்த நேரத்தில் சேர்த்து வைத்தார்களோ என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. ஆனால் அவர்கள் வீட்டில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. அவர் பயப்படுவார், அவள் கிண்டல் செய்வாள், அப்புறம் இரண்டு பேரும் சாப்பிட உட்காருவார்கள்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோதுதான் நாங்கள் எல்லோரும் ஆடிப்போனோம். உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விட வேண்டும். வாரத்தில் பாதி நாள் அதற்கே போகும். ஆஸ்பத்திரிக்கு அலைந்து அலைந்து அவள் துரும்பாகிப் போனாள். அப்போதுதான் மெஷினை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வீட்டில் ஒருவர் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும், இன்னொருவர் துணைக்கு இருக்க வேண்டும். துணை நான். கற்றுக்கொள்ள வேண்டியவர் அத்தான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. பயிற்சி கொடுத்த நர்ஸம்மாவிடம் கேட்டேவிட்டேன். "இந்த மனுஷன் கையிலயா அக்கா ரத்தத்தைக் குடுக்கப் போறீங்க? பல்லியைப் பாத்தா நாற்காலி மேல ஏறுவாரு."

நர்ஸம்மா சிரிக்கவில்லை. "பயப்படறவங்க கையைக் கழுவுவாங்கம்மா," என்றார். "எனக்கு அது போதும்."

குளியலறைக்கு வெளியே இருக்கிற நடைவழிச் சுவரில் தண்ணீர் சுத்தம் செய்கிற சாமான்களை வரிசையாக மாட்டினார்கள். குழாய்த் தண்ணீர் முதலில் மண்ணைப் பிடிக்கிற வடிகட்டிக்குள் போகும். அங்கிருந்து இரண்டு கரித் தொட்டிகள். கடைசியாக, உப்பை நீக்குகிற இயந்திரம். அதிலிருந்து வருகிற சுத்தமான தண்ணீர்தான் சுவரைத் துளைத்துக்கொண்டு அக்காவின் அறையில் இருக்கிற மெஷினுக்குப் போகும்.

அந்தக் கரிதான் முக்கியம். ஊருக்கு விடுகிற தண்ணீரில் கிருமி சாக ஒரு மருந்து கலக்கிறார்கள். குடித்தால் ஒன்றும் ஆகாது, வயிறு சமாளித்துக்கொள்ளும். ஆனால் மெஷினுக்குள் அந்தத் தண்ணீர் மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கமாக, ரத்தத்தை ஒட்டியே ஓடுகிறது. மருந்து மிச்சமிருந்தால் சவ்வைத் தாண்டிப் போய் ரத்தத்தின் சிவப்பு அணுக்களை உடைத்துவிடும். உப்பு நீக்குகிற இயந்திரத்துக்கு இந்த மருந்தைப் பிடிக்கத் தெரியாது. கரிக்குத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு தடவையும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, முதல் கரித் தொட்டிக்கு அடுத்தாற்போல் இருக்கிற சின்னக் குழாயில் பிடித்து, இரண்டு சொட்டு சோதனைத் திரவம் விட்டுப் பார்க்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் அக்கா மெஷின் பக்கத்துச் சாய்வு நாற்காலியில் ஏறலாம். ரோஜா நிறம் வந்தால் அன்றைக்கு மெஷின் கிடையாது.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே போயிற்று. அக்காவுக்குத்தான் பொழுது போகவில்லை. கையில் இரண்டு ஊசி, அசைய முடியாது. டிவி போட்டால், "எல்லாரும் அழறாங்க, நான் ஒருத்திதான் பாக்கி," என்பாள். ஒரு நாள் சொன்னாள், "எனக்கு அழாத எதையாவது காட்டுங்க."

அத்தான் காட்டினார். கடை முதலாளி வீட்டில் ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. பராமரிக்க முடியாமல் யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்தார் அவர். ஒரு விடுமுறை நாளில், நனைந்த கற்களும் பவளங்களும் ஒரு சிவப்பு இறாலும் இரண்டே இரண்டு ஆரஞ்சு மீன்களும் பக்கெட் பக்கெட்டாக அக்கா வீட்டுக்கு வந்து இறங்கின. தொட்டியை முன்னறையில் வைத்தார். அக்கா நாற்காலியில் சாய்ந்தபடியே திறந்த கதவு வழியாகப் பார்க்கலாம். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க, அவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என்னை ஒரு மேசையை இங்கேயும் அங்கேயும் நகர்த்தவிட்டு, பாதி நாளைக் கழித்தார்.

பயந்தவன் கையில் கடலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அப்புறம் பார்த்தேன். நல்ல தண்ணீர் மீன் தொட்டி மாதிரி இல்லை அது. பவளத்துக்குக் கால் இல்லை, நடந்து போய்ச் சாப்பிட முடியாது. தண்ணீர்தான் சாப்பாட்டைக் கொண்டுவர வேண்டும், அழுக்கையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தொட்டியின் இரண்டு பக்கமும் அலை தள்ளுகிற பம்புகள் மாறி மாறி ஓடும். மேல் விளிம்பில் சீப்பு மாதிரி பல் வைத்த தடுப்பு, அதன் வழியாக வழிகிற தண்ணீர் குழாயில் இறங்கிக் கீழே அலமாரிக்குள் இருக்கிற இன்னொரு தொட்டிக்குப் போகும். அங்கே துணிப் பை குப்பையைப் பிடிக்கும். நுரைக் குழல் என்று ஒன்று, காற்றுக் குமிழியால் தண்ணீரைக் கடைந்து, அழுக்கை நுரையாக மேலே தள்ளி ஒரு கிண்ணத்தில் சேர்க்கும். அந்தக் கிண்ணத்தின் நாற்றத்தை நான் சொல்ல மாட்டேன். சுத்தமான தண்ணீரை ஒரு பம்பு மறுபடி மேலே அனுப்பும். ராப்பகலாக இந்தச் சுற்று நிற்காது.

அத்தான் இந்தச் சுற்றின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு பயத்தைக் குடிவைத்தார். மின்சாரம் போனால், மேலே போகிற குழாய் தலைகீழாக உறிஞ்சி வீடெல்லாம் தண்ணீர் ஆகுமாம். அதற்காகக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை, அந்த ஓட்டையை, கல்லோடு வந்த நத்தை அடைத்துவிடுமோ என்று தினமும் பல்குத்தியால் குத்திப் பார்ப்பார். ஒயர் வழியாகத் தண்ணீர் வழிந்து பிளக்குக்குள் போகாமலிருக்க, எல்லா ஒயரையும் ஊஞ்சல் கயிறு மாதிரி தொங்கவிட்டார். அக்கா நாற்காலியிலிருந்தே கேட்பாள், "என்னங்க, மீனுக்கு நீச்சல் மறந்துட்டா என்ன பண்றது?" அவர் ஒரு கணம் யோசிப்பார். அதற்குத்தான் அவள் சிரிப்பாள்.

அந்தத் தொட்டிக்கும் உப்பில்லாத சுத்தத் தண்ணீர் வேண்டும். அதில் கடலுப்பைக் கலந்து, அவ்வப்போது பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். சுத்தத் தண்ணீர்தான் வீட்டிலேயே இருக்கிறதே! நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டு, மெஷினுக்குப் போகிற குழாயில் ஒரு கிளை வைத்து, நடைவழி மூலையில் ஒரு நீல டிரம்முக்கு இணைத்தார். ஒரு சின்னக் கைப்பிடி. குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. டிரம் நிரம்பினால் மிதவை தானே அடைத்துக்கொள்ளும்.

அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்து அத்தான் ஒரு சட்டம் போட்டார்.

"மெஷின் ஓடும்போது டிரம்முக்கு ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது."

"ஏன், மெஷினுக்குத் தண்ணி பத்தாதா?" என்றாள் அக்கா.

"பத்தும். அது இல்ல. தண்ணி கரிக்குள்ள நிதானமாப் போனாத்தான் கரி மருந்தைப் பிடிக்கும். ரெண்டு பக்கமும் இழுத்தா தண்ணி ஓட ஆரம்பிச்சிடும். ஓடற தண்ணியில மருந்து தப்பிச்சிடும். நாம முன்னாடியே சொட்டு விட்டுப் பாத்திருப்போம், அப்போ சுத்தமா இருக்கும். அப்புறம் வர்றது தெரியாது. மெஷின் எல்லாத்துக்கும் கத்தும், இதுக்குக் கத்தாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா கொட்டாவி விட்டாள். நானும்தான். மின்விசிறி விழும், நத்தை அடைக்கும், பல்லி பாயும், தண்ணீர் ஓடினால் மருந்து தப்பிக்கும். அவருடைய பயங்களின் வரிசையில் இதுவும் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

டிரம் நிரப்புவதற்காக அவர் மெஷின் இல்லாத நாட்களில் விடிவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுவார். திறந்த குழாயை விட்டு நகர அவருக்குப் பயம். மிதவை மேல் நம்பிக்கை கிடையாது. டிரம் நிரம்புகிற வரை பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் நிற்பார். அப்புறம் கடைக்கு ஓடுவார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வாரம் அவர் எழுந்திருக்கப் போனபோது சொன்னாள், "படுங்க. நான் நேத்தே நிரப்பிட்டேன்." அவர் நன்றியோடு மறுபடி படுத்தார். எனக்கு இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

அந்த வாரம் அக்கா சோர்ந்து கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "நர்ஸம்மாவுக்கு ஒரு போன் போடட்டுமா?" என்று அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். "போன் போட்டுப் போட்டு அந்த அம்மா நம்ம நம்பரைப் பாத்தாலே ஓடுது," என்றாள் அக்கா. வெயிலால் வந்த அசதி என்று எல்லோருமே சொன்னோம்.

கடைக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று அத்தானுக்கு லீவு கிடைத்த நாள். மெஷின் நாளும்கூட. காலையில் அவர் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினார். டிரம்மில் உப்புக் கலந்து தயாராக இருந்ததை பக்கெட் பக்கெட்டாக எடுத்துப் போய் ஊற்றினார். டிரம் காலியானது. அடுத்த நாள் நிரப்பிக்கொள்ளலாம் என்று கழுவி, மூடி வைத்தார்.

அதன்பிறகு நான் வந்தேன். கடைகளுக்குத் துணி மடித்துத் தைத்துக் கொடுக்கிற வேலை எனக்கு, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தபடியே செய்துகொள்ளலாம். தண்ணீரை ஓடவிட்டேன், பிடித்தேன், சொட்டு விட்டேன். நிறம் மாறவில்லை. அத்தானும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா குளியலறைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் ஏறினாள். ஊசி போட்டோம். ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்தது. அத்தான் தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா சொன்னாள், "ஏய், இன்னைக்கு எல்லாம் வாயை மூடிக்கிச்சே."

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தொட்டியில் எப்போதும் விரல் விரலாக அசைந்துகொண்டிருக்கிற பவளங்கள் கல்லுக்குள் இழுத்துக்கொண்டிருந்தன. பூ மாதிரி விரிந்து கிடக்கிற ஒன்று, பிழிந்து போட்ட துணி மாதிரி சுருங்கியிருந்தது. சிவப்பு இறால் பக்கவாட்டில் சாய்ந்து துடித்துக்கொண்டிருந்தது. அத்தான் அதற்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"மறுபடி ஆரம்பிச்சாச்சா?" என்று நான் குரல் கொடுத்தேன்.

அவர் அலை பம்பின் முன்னால் கையை வைத்துப் பார்த்தார். ஓட்டம் இருந்தது. விளிம்பில் தண்ணீர் சரியாக வழிகிறதா என்று பார்த்தார். அலமாரியைத் திறந்து துணிப் பையைத் தூக்கிப் பார்த்தார், அடைப்பு இல்லை. நுரைக் கிண்ணம் வழக்கம்போல நாறியது. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாம் வடிகட்டிக்கொண்டிருந்தது, ஆனால் உள்ளே இருந்தவை செத்துக்கொண்டிருந்தன.

"முதுகு வலிக்குதுடி," என்றாள் அக்கா. நான் தலையணையை நகர்த்தி வைத்தேன்.

அத்தான் எழுந்தார். காலையில் மாற்றிய புதுத் தண்ணீர் ஒரு பக்கெட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் ஒரு கண்ணாடிக் குப்பியை முக்கி எடுத்துக்கொண்டு, சோதனைத் திரவம் இருக்கிற நடைவழிக்குப் போனார். அவர் செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

கையிலிருந்த தையலைக் கீழே வைத்தேன். ஏனென்றால் அவர் பயப்படும்போது புலம்புவார். எதுவும் சொல்லாமல் அவர் பயந்து நான் கேட்டதில்லை.

கதவில் வந்து நின்றபோது கையில் குப்பி இருந்தது. உள்ளே தண்ணீர் ரோஜா நிறம்.

"டிரம் குழாய் திறந்திருந்தது," என்றார். "முழுசா. இப்போதான் மூடினேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைத் தாண்டி மெஷின் பக்கம் போனார். அக்காவின் உடம்புக்குத் திரும்பிப் போகிற ரத்தக் குழாயை விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். ரத்தம் கெட்டியாக, ஒளி புகாமல் இருக்க வேண்டும். அது வடிகட்டிய பழச்சாறு மாதிரி தெளிவாக, அழகாக இருந்தது.

"நெஞ்சை அடைக்குதுங்க," என்றாள் அக்கா. அவள் குரலில் கிண்டல் இல்லை.

அவர் பம்பை நிறுத்தினார். இரண்டு குழாயிலும் கிடுக்கியைப் போட்டு இறுக்கினார். என் கை தானாக மெஷினின் இன்னொரு பட்டனுக்குப் போனது. எப்போது நிறுத்தினாலும், குழாயில் நிற்கிற ரத்தத்தை அக்காவின் உடம்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் ஊசியை எடுப்போம். ஒரு சொட்டு ரத்தம்கூட வீணாகக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் என் வளையல் நெளிந்தது.

"தொடாதே. அது உடைஞ்ச ரத்தம். உள்ள போனா இதயம் நின்னுடும்."

அந்த மனுஷன் என்னை அதுவரை வா போ என்றுகூடப் பேசியதில்லை.

ஆம்புலன்ஸுக்கு அவர்தான் போன் செய்தார். விலாசம், நடந்தது, தண்ணீரில் கலந்த மருந்தின் பெயர், குழாய் ரத்தத்தைத் திருப்பவில்லை என்பது, எல்லாவற்றையும் திக்காமல் சொன்னார். தொடை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, வேட்டி அசைவது எனக்குத் தெரிந்தது. போனை வைத்துவிட்டு அக்காவின் காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அது ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது என்று பிறகு சொன்னார்.

ஆம்புலன்ஸில் நான் என் வாயை அடக்கவில்லை. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"உங்க மீனுக்காக என் அக்காவைக் கொல்லப் பாத்தீங்களே! சட்டம் போட்டது யாரு? ஒரு சொட்டும் எடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? ஊருக்கெல்லாம் பயம் சொல்ற மனுஷனுக்கு ஒரு குழாயை மூடத் தெரியலையா?"

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் அக்காவின் முகத்தில் இருந்த ஆக்ஸிஜன் முகமூடியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து நிதானமாக விளக்கினார். உடைந்த அணுக்களிலிருந்து ரத்தத்தில் உப்பு ஒன்று ஏறியிருக்கிறது. அது இறங்க வேண்டும், இறங்குகிற வரை இதயம் எந்த நேரமும் தடுமாறலாம். இங்கே இருக்கிற மெஷினில் போட்டிருக்கிறோம், புது ரத்தமும் ஏற்றுகிறோம், பார்க்கலாம் என்றார். நேரத்தோடு நிறுத்தினீர்கள் என்றும் சொன்னார். அந்தப் பார்க்கலாம் மட்டும்தான் என் காதில் நின்றது.

காத்திருந்தோம். ஒவ்வொரு தடவை அந்தக் கதவு திறக்கும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது. உள்ளேயிருந்து மெஷின் கத்தினால், அது எதற்காகக் கத்துகிறது என்று அத்தான் முணுமுணுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். காற்று வந்திருக்கும். குழாய் மடங்கியிருக்கும். அழுத்தம் ஏறியிருக்கும். கத்தினால் பரவாயில்லை, கத்தட்டும் என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் தோளில் சாய்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

சாயந்திரம் எங்களை உள்ளே விட்டார்கள். உப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். அக்கா கண்ணைத் திறந்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. அத்தானைத் தேடிப் பார்த்து, முகமூடியை விலக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"என்னங்க, டிரம் குழாயை மூடினீங்களா?" என்றாள். "வழிஞ்சிடப் போகுது. போன தடவை பாதிதான் திறந்தேன், நிரம்பவே ரொம்ப நேரம் ஆச்சு. அதான் இன்னைக்கு முழுசாத் திறந்துட்டு வந்து உக்காந்தேன். எப்படியும் தண்ணி ஓடிட்டுத்தானே இருக்கு. நீங்க காலைல கொஞ்சம் தூங்கலாமேன்னு..."

சொட்டு விட்டுப் பார்த்த பிறகு, குளியலறையிலிருந்து வருகிற வழியில், ஒரு கையால் அந்தக் கைப்பிடியைத் திருப்பிவிட்டு வந்திருக்கிறாள். போன தடவையும் அப்படித்தான். அந்தப் பாதித் திறப்பில் டிரம்மில் சேர்ந்த தண்ணீர்தான் இறாலைச் சாய்த்தது. அந்தப் பாதித் திறப்புதான் அவளை ஒரு வாரமாக வெளுக்கவைத்தது.

நான் வாயைத் திறந்தேன். அத்தான் கட்டிலுக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"மூடிட்டேன்மா," என்றார் அக்காவிடம். "ஒரு சொட்டு வழியலை."

"அப்புறம் எனக்கு என்னதான் ஆச்சு?"

"கரி தீர்ந்துபோச்சு. மாத்தற நாளை நான் மறந்துட்டேன்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? மறந்தீங்களா?" என்றாள். அப்புறம் அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே தூங்கிப்போனாள்.

வெளியே வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு அப்பவே தெரியும். ஆம்புலன்ஸ்ல நான் கத்தினப்பவே தெரியும். ஏன் சொல்லலை?"

"நீயும் திறக்கலை, நானும் திறக்கலை. வேற யாரு இருக்கா வீட்டில?" என்றார்.

"அவ செஞ்சதை அவகிட்ட சொல்ல வேண்டாமா?"

அவர் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இன்னும் ரெண்டு நாள்ல அவ மறுபடி அந்த நாற்காலியில ஏறணும். அதுக்கப்புறம் ஆயுசு பூரா ஏறணும். தன் கையாலயே தன்னைக் கொல்லப் பாத்தோம்னு தெரிஞ்சா, ஒவ்வொரு தடவையும் கை நடுங்கும். குழாயைப் பாத்தா நடுங்கும். எனக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும். பொறந்ததுல இருந்து அதோட இருக்கேன். எனக்குப் பழகிடுச்சு. அவளுக்கு வேண்டாம்."

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

நர்ஸம்மா வந்தபோது எதையும் மறைக்கவில்லை அவர். மெஷின் ஓடும்போது டிரம் குழாய் திறந்திருந்ததைச் சொன்னார், போன தடவையும் அப்படியே என்று சொன்னார். யார் திறந்தது என்று அந்த அம்மா கேட்டார். அத்தான் உள்ளே தூங்குகிறவளைப் பார்த்தார். நர்ஸம்மாவும் பார்த்தார். "சரி," என்றார். "அந்தக் கிளைக் குழாய் இனிமே இருக்கக் கூடாது." அதற்கு மேல் கேட்கவில்லை.

அக்கா வீடு திரும்புவதற்கு முன்னால் அத்தான் அந்தக் கிளையை அறுத்தெடுத்து, ஓட்டையை அடைத்து, இரண்டு கரித் தொட்டிகளையும் புதிதாக மாற்ற ஏற்பாடு செய்தார். நர்ஸம்மா வந்து தண்ணீரைச் சோதித்துவிட்டுப் போனார். மீன் தொட்டிக்குச் சமையலறைக் குழாயில் தனியாக ஒரு சின்ன வடிகட்டி வந்தது. மெஷினுக்கும் மீனுக்கும் இனிமேல் உறவே இல்லை. இறால் போய்விட்டது. பவளங்களில் பாதி வெள்ளைக் கல்லாகிவிட்டது. அந்தப் பூ மாதிரி இருப்பது மட்டும் தினம் கொஞ்சம் கொஞ்சமாக விரிய ஆரம்பித்தது. தொட்டியையே வேண்டாம் என்று விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னேன். "அப்புறம் அவ எதைப் பாப்பா?" என்றார்.

மறுபடி மெஷின் போட்ட நாளில் சொந்தக்காரர்கள் பார்க்க வந்திருந்தார்கள். எனக்கு ஊசியைப் பிடிக்கவே கை வரவில்லை. அக்கா ஏதோ பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தவள் மாதிரி ஏறி உட்கார்ந்து கையை நீட்டினாள். நீட்டிக்கொண்டே கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"பூட்டை இழுத்து இழுத்துப் பாப்பாரு, நத்தைக்குப் பயப்படுவாரு, காத்துக்குப் பயப்படுவாரு. பயப்பட வேண்டிய ஒரே ஒரு விஷயம், அதைக் கோட்டை விட்டுட்டாரு! கரி மாத்தணும்னு தோணவே இல்லையாம் இந்த மனுஷனுக்கு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர், தொடைநடுங்கி என்று முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அத்தானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "ஆமா, மறதிதான், வயசாகுதில்ல," என்றார். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ரத்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கெட்டியாக, ஒளி புகாமல், அழகே இல்லாமல் இருந்தது.

அத்தான் மெதுவாக எழுந்து நடைவழிக்குப் போனார். ஒரு தடவை பார்த்தாகிவிட்டது, ஆனாலும் போனார். நானும் பின்னாலேயே போய், அவர் சொட்டு விடுவதற்குக் குப்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் கை நடுங்கியது, என் கையும் நடுங்கியது. தண்ணீர் நிறம் மாறாமல் நின்றது.

"என்னங்க," என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினாள், "இன்னைக்காவது கரி இருக்கா?"

"இருக்கும்மா," என்றார் அத்தான்.